பதினெட்டு மணி நேரத் தம்பி

சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம்தான் என்று நம்பிக்கொண்டிருந்த ஒருவர் எனக்கு வாடிக்கையாளர். கப்பல் பட்டறையில் வேலை பார்ப்பவர். காலை ஏழு மணிக்கு இங்கே ஏறினார், எட்டரைக்கு அங்கே இறங்கினார். கணக்கு சரிதானே? திரும்பும்போது அங்கே ஒன்பதரைக்கு ஏறியவர் இங்கே மாலை நான்கு மணிக்கு இறங்கினார். மறுவாரமே லிட்டில் இந்தியாவில், தேக்காவில் இருக்கும் எங்கள் டிக்கெட் அலுவலகப் படியேறி வந்து சண்டை. “போறப்போ ஒன்றரை மணி நேரத்துல போச்சு. வர்றப்போ ஆறரை மணி நேரம் இழுத்துச்சு. டப்பா பிளேன்ல போட்டு விட்டுட்டீங்களாக்கா?”

சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினேன். போக நான்கு மணி நேரம், வர நான்கு மணி நேரம். நம்முடைய கடிகாரம் ஊர்க் கடிகாரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, அவ்வளவுதான். அவர் நம்பவில்லை. “நீங்க டிக்கெட் விக்கிறவங்க, அப்படித்தான் சொல்வீங்க” என்று போய்விட்டார்.

எனக்கு இந்த வேலையில் இருபத்து மூன்று வருடம். இப்போது எல்லாரும் கைபேசியிலேயே டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள். ஆனால் எடுத்தது சரிதானா என்று கேட்க எங்கள் படியைத்தான் ஏறுகிறார்கள். சென்னை நான்கு மணி நேரம், பெர்த் ஐந்து, லண்டன் பதினான்கு, நியூயார்க் பக்கம் பதினெட்டே முக்கால். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். சொல்கிற எனக்கு நான்கு வருடமாக சாங்கி விமான நிலையத்துக்குள் நுழைய வேலையே இல்லை.

வேலையில் எனக்கென்று ஒரு பிடிவாதம் உண்டு. பட்டனை அழுத்துவதற்கு முன்னால் மூன்று கேள்வி கேட்பேன்: எந்த ஏர்போர்ட், எந்தத் தேதி, எந்த ஊர்க் கடிகாரம். பதில் சொன்னால் மட்டும் போதாது, முழுவதையும் அவர்கள் வாயால் ஒரு தடவை திருப்பிச் சொல்ல வேண்டும். ‘ஞாயிற்றுக்கிழமை நள்ளிரவு பன்னிரண்டு பத்து’ என்று டிக்கெட்டில் இருந்தால் அது சனிக்கிழமை ராத்திரி கிளம்ப வேண்டியது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பெட்டியோடு போய் நின்று அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன். என் முதலாளி கிண்டல் செய்வார். “வந்துட்டாங்கய்யா ஞானோபதேச டீச்சர். ஒப்பிக்காம யாரும் ஊருக்குப் போக முடியாது லா.” நான் வேதக்காரி, அதாவது கிறிஸ்தவள், என்பதால் அந்தக் கிண்டல்.

இனி என் தம்பியைப் பற்றி. அவன் அமெரிக்காவில், நியூஜெர்சியில் இருக்கிறான். கம்ப்யூட்டர் வேலை, மனைவி, இரண்டு பிள்ளைகள். நல்லவன்தான். நல்லவன் என்று சொல்லும்போதே எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது, அது வேறு விஷயம். ஆறு வருடத்துக்கு முன்னால் அப்பா இறந்தபோது வந்தான், ஒன்பது நாள் இருந்தான், அழுதான், போனான். போகும்போது சாங்கியில் என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: “பதினெட்டு மணி நேரம்தானேக்கா. ஏதாவதுன்னா ஏறி உட்கார்ந்தா வந்துடுவேன்.”

அந்த ‘ஏதாவதுன்னா’வுக்குள் என்னென்ன அடங்கும் என்று நான் அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டது அதில் அடங்கவில்லை. ஆபரேஷன் அடங்கவில்லை. அம்மாவுக்கு ஞாபகம் தப்ப ஆரம்பித்தது அடங்கவில்லை. என் கணவர் இறந்தது அடங்கியது, ஆனால் அப்போது கொரோனாவால் எல்லைகள் மூடியிருந்தன, அதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு தடவையும் போனில் அதே வசனம், பதினெட்டு மணி நேரம்தானேக்கா. பதினையாயிரத்து முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவன் சுதந்திரமாக இருந்தான். நான் பிடோக் அடுக்குமாடி வீட்டில், அம்மா படுக்கையிலிருந்து எட்டு அடி தள்ளிப் படுத்திருந்தேன்.

வார நாட்களில் காலை எட்டு மணிக்கு முதியோர் பகல் பராமரிப்பு நிலையத்திலிருந்து வேன் வந்து அம்மாவை அழைத்துப் போகும். மாலை ஆறு மணிக்குக் கொண்டுவந்து விடும். ஆறு மணிக்கு நான் புளோக்குக்குக் கீழே நின்றாக வேண்டும். ஐந்து மணி அடித்தால் பேசிக்கொண்டிருக்கும் வாடிக்கையாளரை அப்படியே விட்டுவிட்டு எம்ஆர்டி ரயிலுக்கு ஓடுவேன். நான்கு வருடமாகத் தேக்காவின் மாலை நேரத்தை நான் பார்த்ததில்லை. தீபாவளி விளக்கு போட்டிருக்கிறார்கள் என்று தெரியும், எரிந்து பார்த்ததில்லை. இரவில் அம்மா இடுப்பை மறந்துவிட்டு எழுந்து நடக்கப் பார்ப்பார். அதனால் நான் தூங்குவதும் அரைத் தூக்கம்தான்.

பணிப்பெண் வைக்கக் கூடாதா என்று எல்லாரும் கேட்பார்கள். இரண்டு பேர் வைத்துப் பார்த்தோம். ஒருத்தியை அம்மா கடித்தே விட்டார், இன்னொருத்தி அழுதே ஊருக்குப் போய்விட்டாள். ஒரு தடவை பத்து நாளைக்கு முதியோர் இல்லத்தில் விட்டேன். இரண்டாம் நாளே வாயைத் திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்துச் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். போய் அழைத்து வந்தேன். அம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் சில நாள் வாசல் கிரில் கதவைச் சாத்திப் பூட்டுப் போடும்போது எனக்கு மூச்சு முட்டும். பூட்டுவது அம்மா வெளியே போய்விடக் கூடாது என்பதற்காக. உள்ளே இருப்பது இரண்டு பேர்.

இப்படி இருக்கையில்தான் பெர்த்தில் இருக்கும் என் மகளுக்குக் குழந்தை பிறந்தது. பிரசவத்துக்கே நான் போகவில்லை. அவள் ஒன்றும் சொல்லவில்லை. குழந்தைக்கு மூன்று மாதம் ஆனபோது போன் செய்தாள். “ஞானஸ்நானத்துக்கு நீதான்மா ஞானத்தாய். நீதான் தூக்கணும். வேற யாரையும் நான் கேக்கப் போறதில்ல.” அங்கே அவர்கள் பங்குக் கோயிலில் மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் ஞானஸ்நானம் கொடுப்பார்கள், அதுவும் காலை பத்து மணிப் பூசையில். மருமகனுக்கு அதற்கு மறுநாளே பாலைவனத்தில் உள்ள சுரங்கத்துக்கு வேலைக்குத் திரும்ப வேண்டும். ஆக அந்த ஒரு ஞாயிறுதான். விட்டால் விட்டதுதான்.

தம்பிக்குப் போன் செய்தேன். கெஞ்சவில்லை, சொன்னேன். “எனக்கு அஞ்சு நாள் வேணும். நீ வந்து அம்மாவைப் பார்த்துக்கோ.”

அந்தப் பக்கம் விசைப்பலகையைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, “வர்றேன்க்கா” என்றான்.

எனக்கு நம்ப முடியவில்லை. ஏனென்றால் இதற்கு முன்னால் மூன்று தடவை வர்றேன் என்றவன்தான். மூன்று தடவையும் நான் என் தொழில் புத்தியில் எந்தத் தேதி, எந்த பிளைட் என்று குடைந்தேன். “பார்த்துட்டுச் சொல்றேன்க்கா” என்பான். பார்த்துவிட்டுச் சொல்லும்போது வரவில்லை என்று ஆகியிருக்கும். ஆகவே இந்தத் தடவை நான் குடையக் கூடாது என்று முடிவு செய்தேன். டிக்கெட்டை நான் போட்டுத் தருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. கேட்டால் கலைந்துவிடும் என்று ஒரு பயம். இரண்டு வாரம் கழித்து அவனே குரல் செய்தி அனுப்பினான்: “டிக்கெட் எடுத்துட்டேன்க்கா. வெள்ளிக்கிழமை கிளம்புறேன்.”

அவ்வளவுதான் அதில் இருந்தது. மறுபடி மறுபடி ஏழெட்டு தடவை கேட்டேன்.

அவன் வீட்டிலிருந்து நூவர்க் விமான நிலையம் இருபது நிமிடம். அங்கிருந்து காலையில் ஒரு நேரடி விமானம் உண்டு. வெள்ளி காலை பத்து மணிக்கு ஏறினால் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் சாங்கி. அவன் எப்போதும் அதில்தான் வருவான், அப்பாவுக்கு வந்ததும் அதில்தான். நான் உடனே எனக்கு சனிக்கிழமை மாலை ஏழே காலுக்கு பெர்த் டிக்கெட் போட்டேன். ஐந்து மணி நேரம். பெர்த்தும் சிங்கப்பூரும் ஒரே நேரம், கடிகாரத்தைத் தொடவே வேண்டாம். போய் இறங்கி, தூங்கி எழுந்து, புடவை கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய்விடலாம். அவன் இறங்கும் இடத்திலேயே நின்று வீட்டுச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டு நான் போய்விடுவேன். இடையில் இரண்டு மணி நேரம் அம்மாவோடு இருக்க எதிர்வீட்டு மலாய் அம்மாவைக் கேட்டேன். நாங்கள் மக்சிக் என்று கூப்பிடுவோம். அன்றைக்கு உட்லண்ட்ஸில் அவர் பேத்திக்கு நிச்சயதார்த்தம், ஆறரைக்கு மகன் கார் கொண்டுவருவான், அதுவரைக்கும் இருக்கிறேன் என்றார். சரியாக இருந்தது. இழுத்துக் கட்டிய கயிறு மாதிரி அவ்வளவு சரியாக இருந்தது.

குழந்தைக்கு வெள்ளை உடுப்பைத் தேக்காவில் என் அலுவலகத்துக்குக் கீழே உள்ள தையல்காரரிடம் தைத்து வாங்கினேன். எத்தனை மாதக் குழந்தை என்று அவர் கேட்டதற்கு, என் கையால் காற்றில் அளந்து காட்டினேன். நான் பார்க்காத குழந்தைக்கு அளவு. மனுஷன் சிரித்துவிட்டார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தம்பியிடமிருந்து ஒரு செய்தி: ‘ஏறிட்டேன்க்கா.’

எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். இங்கே சனி காலை பத்து என்றால் அங்கே வெள்ளி ராத்திரி பத்து. பன்னிரண்டு மணி நேரத்துக்கு முன்னால் ஏறியிருக்க வேண்டியவன் இப்போது ஏறுகிறான் என்றால் என்ன அர்த்தம்? இதே செய்தியை ஒரு வாடிக்கையாளர் காட்டியிருந்தால் அரை நொடியில் சொல்லியிருப்பேன். ஆனால் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? விமானத்தில் இணையம் விட்டுவிட்டு வரும், நேற்று அனுப்பியது இப்போதுதான் வந்து விழுந்திருக்கிறது என்று நினைத்தேன். எனக்கு நானே அப்படி ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு பெட்டியில் உடுப்பை மடித்து வைத்தேன்.

மாலை ஐந்து மணிக்கு சாங்கியில் நின்றேன். நூவர்க் விமானம் தரையிறங்கிவிட்டது என்று பலகை சொன்னது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஐந்தேகாலுக்குக் கூட்டமாக வந்தார்கள். ஐந்தரைக்கு இரண்டு மூன்று பேராக வந்தார்கள். பெட்டி வரத் தாமதமாகியிருக்கும் என்றேன். கழிப்பறைக்குப் போயிருப்பான் என்றேன். யாரிடம் சொன்னேன்? எனக்குத்தான். ஐந்தே முக்காலுக்கு விமானப் பணிப்பெண்களே வெளியே வந்துவிட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் யாரும் வரவில்லை.

தம்பி மனைவிக்குப் போன் செய்தேன். அங்கே விடியக்கூட இல்லை. தூக்கக் குரலில் எடுத்தாள்.

“என்ன அண்ணி, அத்தைக்கு ஏதாவதா?”

“அவன் எங்கம்மா? பிளைட் வந்துடுச்சு, அவன் வரலையே.”

“அதுக்குள்ளயா? இல்லையே அண்ணி. அவரு நேத்து நைட் பிளைட்லதானே ஏறினாரு. காலைல ஆபீஸ்ல ஒரு மீட்டிங், அதை விட முடியாதுன்னு நியூயார்க் ஏர்போர்ட்ல இருந்து போற நைட் பிளைட்டை எடுத்தாரு. வெள்ளிக்கிழமைதானே கிளம்பினாரு? உங்ககிட்ட சொன்னேன்னு சொன்னாரே.”

சொன்னான். வெள்ளிக்கிழமை கிளம்புகிறேன் என்றுதான் சொன்னான், வெள்ளிக்கிழமைதான் கிளம்பியிருக்கிறான். அந்தக் கரையில் இரண்டு விமான நிலையம் இருக்கிறது. ஒன்றில் காலை விமானம், இன்னொன்றில் இரவு விமானம். காலையில் ஏறினால் சனி மாலை, இரவில் ஏறினால் ஞாயிறு விடியல். இதை நான் எத்தனை நூறு பேருக்குச் சொல்லியிருப்பேன்! எந்த ஏர்போர்ட் என்று ஊரையே ஒப்பிக்க வைத்தவள் என் கூடப்பிறந்தவனிடம் கேட்கவில்லை. பாவி மகன், அவனும் சொல்லவில்லை. ஒரு மீட்டிங்காம். அந்த நேரத்தில் அவன் எதிரில் இருந்திருந்தால் அடித்திருப்பேன். அவனோ எங்கேயோ மேகத்துக்கு மேலே, இன்னும் பதினோரு மணி நேரத் தூரத்தில், கம்பளியைப் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான்.

மணி ஐந்து ஐம்பது. மக்சிக் ஆறரைக்குக் கிளம்ப வேண்டும். எங்கள் பங்குக் கோயிலில் பழக்கமான இரண்டு பேருக்குப் போன் செய்தேன். ஒருவர் மலேசியாவின் ஜொகூரில், பாலத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டு நிற்பதாகச் சொன்னார், இன்னொருவர் எடுக்கவில்லை. ஞாயிறு காலை முதல் விமானத்தைப் பிடித்தாலும் இறங்கும்போது மதியமாகிவிடும், பூசை முடிந்து எல்லாரும் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். மக்சிக்கிடம் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் பேத்தி நிச்சயத்தை விட்டுவிட்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அதனால்தான் கேட்கவில்லை.

கேட்கவில்லை என்று இப்போது பெருமையாகச் சொல்கிறேன். அன்றைக்கு நான் நேரே புறப்பாட்டுப் பக்கம் போனேன். பாஸ்போர்ட்டைக் கையில் எடுத்தேன். தானியங்கிக் கதவு திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது, ஆட்கள் ஒவ்வொருவராக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு ராத்திரிதானே என்று நினைத்தேன். மருந்து கொடுத்தாயிற்று, தூங்கிவிடுவார், கதவு பூட்டியிருக்கும், விடிவதற்குள் அவன் வந்துவிடுவான். ஆமாம், நினைத்தேன். பெற்ற தாயைப் பூட்டி வைத்துவிட்டுப் போகலாம் என்று முழுதாக ஐந்து நிமிடம் நினைத்தேன். பின்னால் நின்ற பெண், “ஆண்ட்டி, போறீங்களா இல்லையா?” என்றாள். நான் ஒதுங்கி அவளுக்கு வழி விட்டேன்.

டாக்சியில் ஏறி மகளுக்குப் போன் செய்தேன். நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“மாமா வரலையா?”

“வர்றான். நாளைக்கு வர்றான்.”

குழந்தை ஏதோ சிணுங்கியது கேட்டது.

“யாரும்மா தூக்குவா?” என்று நான்தான் கேட்டேன்.

“என் மாமியார் தூக்குவாங்கம்மா. உங்க பேரைத்தான் எழுதச் சொல்றேன். நீங்க டென்ஷன் ஆகாதீங்க, சரியா?” அவள் எப்போதும் என்னை நீ என்றுதான் சொல்வாள். அன்றைக்கு ‘நீங்க’ என்றாள். போனை வைத்துவிட்டு அழுதேன். ஓட்டிய சீன மாமா ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டார், நல்ல மனுஷன்.

சாங்கியிலிருந்து பிடோக் பதினைந்து நிமிடம். ஆறு இருபத்தைந்துக்கு எங்கள் மாடித் தாழ்வாரத்தில் பெட்டியை உருட்டிக்கொண்டு நடந்தேன். மக்சிக் நல்ல பட்டுத் துணியில் பாஜு குரோங் போட்டுக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றார். என்னையும் பெட்டியையும் பார்த்தார். என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு லிஃப்ட்டுக்குப் போனார். நான் உள்ளே வந்து கிரில் கதவைச் சாத்திப் பூட்டினேன்.

அம்மா படுக்கையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கண் மங்கிப் போய் வெகுநாளாகிறது. யார் வந்தாலும் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்பார், அதிலும் பாதி தப்பாக இருக்கும். என்னைச் சில நாள் சித்தி என்பார், சில நாள் நர்ஸ் என்பார். எங்கள் வீட்டுக்குப் பெட்டி உருட்டிக்கொண்டு வருகிற ஆள் ஒருவன்தான்.

“தம்பியா?” என்றார். முகம் முழுக்கச் சிரிப்பு. “தம்பி வந்துட்டியாப்பா?”

நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். முடியவில்லை. பெட்டியைச் சுவரோரம் நிறுத்திவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என் கையைத் தடவிப் பார்த்தார்.

“இளைச்சுட்டியே. பிளேன்ல ஏதாவது சாப்பிட்டியா இல்லையா?”

“சாப்பிட்டேம்மா.”

“தூங்கினியா?”

“தூங்கினேன்.”

நான்கு வருடமாக என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை.

அம்மா கதவுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு என் காதருகே வந்தார்.

“எத்தனை நாள் லீவு போட்டிருக்க? கொஞ்ச நாள் இருப்பா. உங்க அக்கா பாவம், என்னைக் கட்டிக்கிட்டு இங்கயே கிடக்குறா. நீ இருக்கிறப்பவாவது அவளை மகளைப் போயிப் பார்த்துட்டு வரச் சொல்லு. நான் சொன்னா கேக்க மாட்டா, நீ சொல்லு.”

“சரிம்மா” என்றேன். “சொல்றேன்.”